கல்லூரி விண்ணப்பம்: ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய வேலை

மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும் சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று எந்த ஊர் இ-சேவை மையத்துக்குப் போனாலும், கையில் ஒரு பிளாஸ்டிக் பையுடன் நம் சமுதாயப் பெற்றோர் சிலர் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். சாதிச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை, அல்லது அதில் பெயர் தவறு, அல்லது வருமானச் சான்றிதழ் பழையது. பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்திருக்கும். விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருக்கும். கல்லூரிச் சேர்க்கையின் பெரும்பகுதி அந்த வரிசையில் நிற்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்தப் பள்ளியில் படித்தார்கள், பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுத்தார்கள், சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பவைதான் அதை முடிவு செய்கின்றன.

முதலில் பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்காது. பெயர் ஒன்று போலிருப்பதால் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

நாமக்கல் வட்டாரத்தில் இந்த விஷயத்துக்கு ஒரு தனி அழுத்தம் இருக்கிறது. விடுதியுடன் கூடிய தனியார் பள்ளிகளுக்குப் பெயர் போன மாவட்டம் இது. தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இங்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அதைப் பார்க்கும் உள்ளூர்ப் பெற்றோரும் பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் கடன் வாங்கியாவது அங்கே மாற்றுகிறார்கள். அந்த மாற்றத்தோடு 7.5 விழுக்காட்டு உரிமை போய்விடுகிறது. பெண் பிள்ளை என்றால் புதுமைப் பெண் திட்டமும், ஆண் பிள்ளை என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தரும் மாதம் 1,000 ரூபாயும் சேர்ந்து போகிறது. மாற்றவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. எதை இழந்து எதை வாங்குகிறோம் என்று கணக்குப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கம் முன்பு பல தனியார் பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்கவே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. நீட், ஜேஇஇ இரண்டுமே பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்பவை. ஆகவே பள்ளியில் சேர்க்கும்போதே பிளஸ் ஒன் பாடம் முழுமையாக நடக்குமா என்று கேளுங்கள். ஏற்கெனவே படிக்கும் மாணவர்களை விசாரித்தால் இன்னும் உண்மையான பதில் வரும்.

ஹிஃப்ழு ஓதும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தனியாக யோசிக்க வேண்டும். பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் காலத்தில்தான் பிள்ளைகளை மதரஸாவில் சேர்க்கிறோம். 7.5 விழுக்காட்டுக்கு எண்ணப்படும் ஆண்டுகளும் அங்கிருந்தே தொடங்குகின்றன. பள்ளியைத் தொடர்ந்துகொண்டே காலை, மாலை நேரத்தில் ஓதும் ஏற்பாடு பக்கத்தில் இருந்தால் அதுவே நல்லது என்பது என் கருத்து. முழுநேரமாக ஓதி முடித்தவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. இ.எஸ்.எல்.சி. எனப்படும் எட்டாம் வகுப்புத் தேர்வையும், பின்னர் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம், என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளி வழியும் உண்டு.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் குரூப். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த குரூப் மருத்துவம், பொறியியல் இரண்டு பக்கமும் வழி விடும். கணிதம் கஷ்டம் என்று அதை விட்டால் பொறியியல் படிப்புகளில் பெரும்பாலானவை அன்றே கைவிட்டுப் போகும். பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப் 200இல் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. உயிரியல் எடுத்தால் நீட் ஒன்றுதான் வழி என்ற எண்ணமும் தவறு. தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங் ஆகியவற்றுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் வாசலில் இருக்கிறது. கோழிப்பண்ணைகள் நிறைந்த மாவட்டத்தில் அந்தப் படிப்புக்கு என்ன மதிப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

வணிகவியல் எடுப்பவர்கள் பி.காம். ஒன்றையே நினைக்க வேண்டாம். சி.ஏ. ஃபவுண்டேஷனுக்குப் பத்தாம் வகுப்பு முடித்ததும் பதிவு செய்து, பிளஸ் டூ முடித்ததும் எழுதலாம். லாரிப் பட்டறைக்கோ வெள்ளிக் கொலுசு வேலைக்கோ போய்விடத் துடிக்கும் பையன்களுக்குப் பாலிடெக்னிக் நல்ல இடைவழி. சேலம் தியாகராஜர் பாலிடெக்னிக் போன்ற பழைய நிறுவனங்கள் இங்கேயே உள்ளன. மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர முடியும்.

அடுத்தது சான்றிதழ். பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு 2007 முதல் தனியாக இருக்கிறது. 100 இடம் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போனால், மீதி 85இல் நமக்கு வருவது ஏறக்குறைய மூன்று இடம். சிறியதுதான். ஆனால் அந்த மூன்றும் சான்றிதழில் பி.சி.எம். என்று இருப்பவருக்கு மட்டுமே. அன்சர், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவுகளே பட்டியலில் உள்ளன. லப்பை பிரிவில் வீட்டில் பேசுவது தமிழா உருதுவா என்பது பொருட்டல்ல. வெறும் ‘முஸ்லிம்’ என்றோ, பட்டியலில் இல்லாத பட்டான் என்றோ பதிவாகியிருந்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. உண்மைக்கு மாறாக எழுதி வாங்கச் சொல்லவில்லை. பாட்டனார், தந்தை ஆகியோரின் பள்ளி ஆவணங்களில் எந்தப் பிரிவு இருக்கிறது என்று பார்த்து, அதன்படி ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். என்.ஐ.டி., ஐ.ஐ.டி., நீட் அகில இந்திய ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு இந்த அட்டை செல்லாது. மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் தனி, அதன் பட்டியலும் தனி.

பெயர்ப் பிரச்சினை நம் வீடுகளுக்கே உரியது. முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். பிறப்புச் சான்றில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று. பெண் பிள்ளைகளுக்கு பேகம், பானு, பீ என்ற பின்பகுதி ஓர் ஆவணத்தில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளி தயாரிக்கும் பெயர்ப் பட்டியலில் இருப்பதே கடைசி வரை தொடரும் என்பதால், தலைமையாசிரியர் சரிபார்க்கச் சொல்லும் அன்று தந்தையோ தாயோ நேரில் போய்ப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.

பிளஸ் டூ ஆண்டில் விண்ணப்பங்கள் மே மாதத்துக்காகக் காத்திருப்பதில்லை. சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே நடக்கிறது. ஜேஇஇ முதல் கட்டம் ஜனவரியில்; அதற்கு அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் விண்ணப்பிக்க வேண்டும். நீட் விண்ணப்பம் பொதுவாகப் பிப்ரவரியில், தேர்வு மே தொடக்கத்தில். ஹிஜாப் அணிந்து நீட் எழுதும் மாணவிகள் சோதனைக்காக முன்கூட்டியே மையத்துக்கு வர வேண்டும் என்று விதி இருக்கிறது. முன்னதாகவே சென்றுவிட்டால் வாசலில் வாக்குவாதம் வராது. சில ஆண்டுகளாகப் பொதுத்தேர்வும் ரமலானும் ஒன்றாக வருவதால், சஹருக்கு எழும் நேரத்தைப் படிப்புக்கும் பயன்படுத்தி, தராவீஹுக்குப் பிறகு சீக்கிரம் தூங்கப் பழகுவது நல்லது.

பணம் என்று வரும்போது வட்டிக் கடனுக்கு மனம் ஒப்பாமல் படிப்பையே கைவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் யாரும் பட்டம் பெற்றிருக்காவிட்டால், அரசுக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்கு 2010 முதல் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது கிடைக்காது. அண்ணன் இதைப் பெற்றிருந்தால் தங்கைக்குக் கிடைக்காது. ஆகவே இருவரில் யாருக்கு அதிகம் தேவைப்படும் என்று வீட்டில் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கலை, அறிவியல் படிப்புக்கு சேலம், நாமக்கல், ராசிபுரம் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நம் சமுதாயக் கல்லூரிகளான திருச்சி ஜமால் முஹம்மது, வாணியம்பாடி இஸ்லாமியா போன்றவை அந்தத் தளத்தில் வராது. அவற்றின் விண்ணப்பத்தை அந்தந்தக் கல்லூரியிலேயே பெற வேண்டும். அவற்றின் தேதிகளும் வேறு என்பதால், ஏப்ரலிலேயே விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.