முதுமையின் கையில் ஒரு கோல்ப் மட்டை

கடந்த மார்ச் மாதத்தில் ஓரிரவு ரொறன்ரோவிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நண்பர் என்று எழுதினாலும், என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். நான் அவரை அண்ணை என்றே அழைப்பது வழக்கம்.

"ஐசே, எனக்கொரு ட்ரைவர் தேவைப்படுது. எப்பிடிப்பட்டதை எடுக்கிறதெண்டு விளங்கேல்லை" என்றார்.

அவருக்கு வயது 68. பார்வைக் குறைவினால் வாகனம் ஓட்டுவதை நிறுத்திவிட்டாரோ, சாரதி ஒருவரைத் தேடுகிறாரோ என்று எனக்குள் கவலை எழுந்தது. "அண்ணை, கனடாவில சாரதிக்குச் சம்பளம் குடுத்துக் கட்டுமே?" என்று கேட்டேன். மறுமுனையில் நீண்ட சிரிப்பு. அவர் கேட்டது கோல்ப் மட்டையை. ஆட்டத்தின் தொடக்க அடிக்கு, பந்தை மிகத் தொலைவுக்கு அனுப்புவதற்காகப் பயன்படுத்தும் நீண்ட மட்டைக்கு ட்ரைவர் என்று பெயர்.

சிரிப்பு ஓய்ந்தபின் அவருடைய குரல் மாறியது. "முதலாவது குழிக்குப் போற வழியில ஓர் ஓடை இருக்குது. மூண்டு வருசத்துக்கு முந்திச் சும்மா தாண்டுவன். போன வருசம் ஒருக்காவும் தாண்டேல்லை. இந்த முறையும் தாண்டாட்டி விளையாட்டை விட்டிடுவன்."

நான் கோல்ப் ஆடுபவன் அல்லன். 1990களில் விளையாட்டுப் பக்கத்துக்காகக் கொழும்பு ரிட்ஜ்வே மைதானத்துக்குச் சென்று, களனிவெளிப் புகையிரதம் மைதானத்துக்குக் குறுக்கே ஓடுவதை வேடிக்கை பார்த்தபடி செய்தி சேகரித்தவன். அவ்வளவே. ஆயினும், ஒரு பொருளைப் பற்றிக் கேட்டால் அதன் வரலாற்றைத் தேடிப் போவது பத்திரிகைக்காரனின் பழக்கதோஷம். தேடியபோது நான் எதிர்பாராத ஒன்று புலப்பட்டது. இந்த மட்டையின் நவீன வரலாற்றை இளைஞர்களின் தோள்வலிமை மட்டும் எழுதவில்லை. அதன் முக்கியமான திருப்பங்கள் சிலவற்றில் முதியவர்களே நிற்கிறார்கள்.

கோல்ப் ஸ்கொட்லாந்தில் வேரூன்றிய ஆட்டம். 1457ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் அதற்குத் தடை விதித்தது. குடிமக்கள் வில்வித்தைப் பயிற்சியைக் கைவிட்டு இதிலே பொழுதைக் கழித்தமையே காரணம். ஆனால் 1502இல் நான்காம் ஜேம்ஸ் மன்னரே பேர்த் நகரில் வில் செய்யும் கைவினைஞர் ஒருவரிடம் மட்டைகளை வாங்கினார். வில்லுக்கு ஏற்ற மரத்தைத் தெரிவு செய்யத் தெரிந்தவனுக்கு மட்டையின் தண்டும் கைவந்ததில் வியப்பில்லை. வளைந்து நிமிரும் மரத்தின் இயல்பே இரண்டுக்கும் அடிப்படை.

பின்னர் அமெரிக்காவின் ஹிக்கரி மரம் தண்டுக்கும், பெர்சிமன் மரம் தலைக்கும் உரியனவாயின. பெர்சிமன் என்றதும் நமக்கு அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் தாவரவியலில் அது நமது கருங்காலிக்கும் பனிச்சைக்கும் நெருங்கிய உறவு. மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அதன் வைரம் பாய்ந்த கட்டை, பந்தின் அடியைத் தாங்கிப் பல பத்தாண்டுகள் நின்றுபிடித்தது.

முதலில் மாறியது தண்டு. உருக்குத் தண்டுகளை ஐக்கிய அமெரிக்காவின் கோல்ப் சங்கம் 1920களின் நடுப்பகுதியில் ஏற்றுக்கொண்டது. சென் அன்ட்ரூஸிலுள்ள ஆர் அன்ட் ஏ கழகமோ 1929 வரை தயங்கியது. அவ்வாண்டில் வேல்ஸ் இளவரசர் உருக்குத் தண்டு மட்டைகளோடு அங்கு ஆடினார். அதன்பின் மறுப்பது கடினமாயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1969இல், பிராங் தோமஸ் என்ற பொறியியலாளர் கரிம நாரினால் ஆன தண்டை வடிவமைத்தார். அதையே கிராபைட் தண்டு என்கிறார்கள். 100 கிராமுக்கு மேல் நிறையுள்ள உருக்குத் தண்டின் இடத்தை, இன்று 50 கிராமும் அதற்குக் குறைவுமான கிராபைட் தண்டு பிடித்திருக்கிறது. தளர்ந்த கைகளுக்கு இதைவிடப் பெரிய உதவியை வேறெந்தக் கண்டுபிடிப்பும் செய்ததாக நான் அறியேன்.

அடுத்து மாறியது தலை. 1979இல் கரி அடம்ஸ் என்பவர் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி, உள்ளே வெற்றிடம் கொண்ட உருக்குத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மரத்துக்குப் பழகிய கண்கள் அதை ஏளனம் செய்தன. அந்த முதல் உலோக ட்ரைவரின் முகச்சாய்வு 12 பாகை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

இவ்விடத்திலேதான் ஒரு முதியவர் நுழைகிறார். ஈலி கலவே 1919இல் பிறந்தவர். துணி ஆலைத் துறையில் உயர் பதவி வகித்து ஓய்ந்தபின் கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டம் அமைத்து வைன் தயாரித்தார். அதையும் விற்றுவிட்டு, பெரும்பாலானோர் சாய்வு நாற்காலியைத் தேடும் அறுபதுகளில், 1982இல், சிறிய கோல்ப் மட்டை நிறுவனமொன்றில் முதலீடு செய்தார். 1991இல் அந்நிறுவனம் பிக் பேர்தா என்ற ட்ரைவரை வெளியிட்டது. முதலாம் உலகப் போரின் ஜேர்மன் பீரங்கி ஒன்றின் பெயர் அது. தலையின் கன அளவு ஏறத்தாழ 190 கன சென்ரிமீற்றர். இன்றைய கணக்கில் அது சிறியது. அன்று அதைப் பூதம் என்றார்கள். 1995இல் டைட்டேனியத்தால் ஆன, இன்னும் பெரிய மட்டை வந்தது. அப்போது கலவேயின் வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

பெரிய தலையின் பயன் என்ன? நிறையை விளிம்புகளுக்குப் பரப்பி வைக்க முடிகிறது. அதனால் பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் தலை அதிகம் முறுகுவதில்லை. தூர இழப்பும் குறைகிறது. சுருங்கச் சொன்னால், பெர்சிமன் பிழையைத் தண்டித்தது. டைட்டேனியம் பிழையைப் பொறுத்தது. அதற்கு மேலாக, மெல்லிய உலோக முகம் அடியின்போது சற்றே உள்வாங்கி மீண்டு பந்தைத் தள்ளியது. இங்கேதான் தகராறு தொடங்கியது.

முகத்தின் இந்த மீள்தன்மைக்கு அமெரிக்கச் சங்கம் 1998இல் வரம்பு விதித்தது. அந்த வரம்பை மீறிய மட்டையொன்றை, தமது பெயரின் முதலெழுத்துகளையே சூட்டி, கலவே வெளியிட்டார். அதன் இரண்டாம் வடிவத்தை 2000ஆம் ஆண்டில் ஆதரித்து நின்றவர் ஆர்னல்ட் பாமர். ஏழு பெரும் பட்டங்களை வென்ற, அமெரிக்காவில் கோல்பைச் சாதாரண மக்களிடம் கொண்டுசென்ற பாமருக்கு அப்போது வயது 71. போட்டிகளில் வேண்டாம், பொழுதுபோக்காக ஆடும் மனிதர் இதனால் இன்புற்றால் என்ன தவறு என்பதே அவரது வாதம். கண்டனங்கள் குவிந்தன. ஆட்டத்தின் மனச்சாட்சியாகக் கருதப்பட்டவர் விதிமீறலுக்குத் துணைபோனார் என்று விமர்சகர்கள் எழுதினார்கள்.

ஆர் அன்ட் ஏ கழகம் அவ்வேளையில் அத்தகைய வரம்பை ஏற்கவில்லை. ஆகவே, அமெரிக்காவில் விதிக்குப் புறம்பான அதே மட்டை, அக்கழகத்தின் விதிகளைப் பின்பற்றிய இலங்கை போன்ற நாடுகளில் விதிக்கு உட்பட்டதாக இருந்தது. கடல் கடந்தால் பாவம் புண்ணியமாகும் விந்தை அரசியலில் மட்டும் இல்லை. 2008 தொடக்கம் இந்த வேறுபாடு நீங்கி, வரம்பு உலகெங்கும் பொதுவாயிற்று. தலையின் அளவுக்கு 460 கன சென்ரிமீற்றர் என்ற எல்லை 2004இலேயே வந்துவிட்டது.

அண்மைய அத்தியாயத்தையும் ஒரு மூத்தவரே எழுதினார். 2021 மே மாதத்தில் பில் மிக்கல்சன், 50 வயதில், பிஜிஏ வெற்றிக்கிண்ணத்தை வென்று பெரும் பட்டம் வென்றவர்களுள் மிக மூத்தவரானார். ஜூலியஸ் போரோஸ் 1968இல் 48 வயதில் நிலைநாட்டிய சாதனை அன்று முறிந்தது. மிக்கல்சன் கையிலிருந்த ட்ரைவர் ஏறத்தாழ 48 அங்குல நீளமானது. 2022 ஜனவரி முதல், உயர்மட்டப் போட்டிகளில் 46 அங்குலத்துக்கு மேற்பட்ட மட்டைகளைத் தடுக்கும் விதியைப் போட்டி அமைப்பாளர்கள் கைக்கொள்ளலாம் என்றாயிற்று.

இவ்வளவையும் படித்தபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. விதிகள் தடுத்தவை மிகை மீள்தன்மையும், மிகைப் பருமனும், மிகை நீளமுமே. முதியவர் ஒருவருக்கு மெய்யாகவே தேவைப்படுபவை கூடிய சாய்வும், இலகுவான தண்டும், நன்கு வளையும் தன்மையும். இவற்றில் எதையும் எந்த விதியும் தடுக்கவில்லை. தடுப்பது வேறொன்று.

அது என்னவென்பதைச் சென்ற ஆண்டு ஆகஸ்டில் நுவரெலியாவில் நேரிற் கண்டிருந்தேன். அண்ணை விடுமுறையில் வந்தபோது அவரோடு மைதானத்தில் நடந்தேன். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு; பந்து கொழும்பைவிடச் சற்றுத் தொலைவு செல்ல வேண்டும். செல்லவில்லை. அவர் காற்றைக் குறை கூறினார். புல்லின் ஈரத்தைக் குறை கூறினார். மட்டைப் பையைச் சுமந்துவந்த மலையகத்துப் பெரியவர் நெடுநேரம் பொறுத்திருந்து சொன்னார்: "காத்து மேல குத்தம் இல்லீங்க தொரை. மட்டதான் ஒங்கள விட எளசா இருக்கு."

அண்ணைக்கு அது தைத்தது. பையிலிருந்தது, பல ஆண்டுகளுக்கு முன் கடையொன்றில் எந்த அளவீடும் செய்யாமல் வாங்கிய மட்டை. சாய்வு 9 பாகை; தண்டில் விறைப்பைக் குறிக்கும் எஸ் என்ற எழுத்து. நாற்பது வயதுத் தோளுக்குரியது.

எனவே, தொலைபேசியில் அவருக்கு நான் சொன்னவை இவை. முதலில் வீச்சு வேகத்தை அளக்கச் செய்யுங்கள். நாம் எண்ணிக்கொள்ளும் வேகமும் கருவி காட்டும் வேகமும் ஒன்றல்ல. வேகம் குறைந்தவர் அடிக்கும் பந்து தாழப் புறப்பட்டால் விரைவிலேயே தரைதட்டிவிடும். உயரப் புறப்பட்டால்தான் காற்றில் நின்று பயணிக்கும். ஆகவே, 12 பாகையோ அதற்குச் சற்று மேலோ கொண்ட முகத்தை அடித்துப் பாருங்கள். அந்த முதல் உலோக ட்ரைவரின் சாய்வும் 12 பாகைதான். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. நீளத்தில் மிக்கல்சனைப் பின்பற்ற வேண்டாம். நீளம் கூடினால் வேகம் கூடலாம். நடுவில் அடிப்பது கடினமாகும். தண்டில் பொறித்திருக்கும் எழுத்துகளுக்கு நிறுவனங்களிடையே பொது அளவுகோல் கிடையாது. எழுத்தை வாசித்து வாங்காமல், அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு வாரங்களின் பின் மீண்டும் அழைத்தார். கருவி மணிக்கு 82 மைல் என்று காட்டியதாம். தாம் 95 என்று எண்ணியிருந்தாராம். 12 பாகைச் சாய்வும் 45 கிராம் தண்டும் கொண்ட மட்டை, பழையதைவிட ஏறத்தாழ 12 யார் கூடுதலாகப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததாம். ஆயினும் அவர் அதை வாங்கவில்லை.

"ஏன் அண்ணை?"

"தண்டில சீனியர் எண்டு எழுதியிருக்குது, ஐசே."

இவ்விடத்தில் அவரைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்னத்துரையாகப் பணியாற்றினார். தோட்டத்தை விட்டுப்போன வெள்ளைக்காரத் துரையொருவரின் பெர்சிமன் ட்ரைவர் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்திருந்தது. அதைக்கொண்டே நுவரெலியாவில் ஆடப் பழகினார். 1983 ஜூலையில் உடுத்த உடையோடு தோட்டத்தை விட்டு வெளியேறினார். அந்த மட்டை பங்களாவின் சுவரில் சாய்ந்தபடியே நின்றது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் திரும்பிச் செல்லவில்லை. சின்னத்துரை பெரியதுரை ஆகவேயில்லை. இழந்த இளமையை நாம் பழைய பொருட்களில் தேடுகிறோம். அவரோ ஒரு விறைத்த தண்டில் அதைப் பிடித்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

சிறிது நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பின்னர் சொன்னேன்: "அண்ணை, சீனியர் எண்டால் பெரியதுரை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்."

மறுமுனையில் சிரிப்பா வேறேதுமா என்று பிரித்தறிய முடியாத ஓர் ஓசை கேட்டது.

மே மாத நடுப்பகுதியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஒரே வரி: "பெரியதுரை ஓடையைத் தாண்டிவிட்டார்."