விளிம்புத் தோட்டாத் துப்பாக்கியின் வயதைக் கணித்தல்: வின்செஸ்டர் 1890 மாடலை முன்வைத்து

பழைய துப்பாக்கி ஒன்றின் காலத்தை அதன் தொடர் எண்ணைக் கொண்டே முடிவு செய்துவிடலாம் என்னும் எண்ணம் சேகரிப்பாளரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. தொடர் எண் உணர்த்துவதோ அது பொறிக்கப்பட்ட உறுப்பின் காலத்தை மட்டுமே. பல உறுப்புகள் கூடியமைந்த முழுத் துப்பாக்கியின் காலத்தை அது தனித்து நின்று நிறுவாது. எண், பொறிப்பு, முத்திரை, உலோகப் பூச்சு, குழலின் உள்ளமைப்பு ஆகியவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக வாசித்து, அவை ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றனவா, மறுக்கின்றனவா என்று ஆராய்ந்த பிறகே காலக்கணிப்பு நிறைவுறும் என்பதை, அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் செய்த 1890 மாடல் .22 துப்பாக்கியைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

விளிம்புத் தோட்டா என்பது தீப்பற்றும் வேதிக்கலவையைத் தன் அடிப்பகுதியின் மடிந்த விளிம்புக்குள் கொண்டிருப்பது. சுடுமுள் அந்த விளிம்பை நசுக்கும்போது கலவை தீப்பற்றி வெடிமருந்தை எரிக்கிறது. இவ்வகையில் .22 ஷார்ட் 1857இலும், .22 லாங் 1871இலும், .22 லாங் ரைபிள் 1887இலும் தோன்றின. இவற்றின் காலவரிசை ஆய்வாளருக்கு முதல் அளவுகோலாகிறது. ஒரு குழல் எந்தத் தோட்டாவுக்காகக் குடையப்பட்டதோ அந்தத் தோட்டா பிறப்பதற்கு முன் அக்குழல் உருவாகியிருக்க முடியாது.

ஜான் பிரவுனிங், மேத்யூ பிரவுனிங் என்னும் சகோதரர்கள் வடிவமைத்த 1890 மாடல், குழலுக்கு அடியிலுள்ள கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டாவை ஏற்றும் பம்ப் வகையைச் சேர்ந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட இத்துப்பாக்கியின் வளர்ச்சியில் மூன்று நிலைகள் தெளிவாகப் புலப்படுகின்றன. முதல் நிலையில் சட்டகம் பிரிக்க இயலாத ஒரே கட்டாக இருந்தது. இவ்வகையில் ஏறத்தாழ 15,500 மட்டுமே வெளிவந்தன. இரண்டாம் நிலையில், துப்பாக்கியை இரு பாதியாகக் கழற்றும் அமைப்பு வந்தது. எலும்புக்கரியோடு சுட்டுக் கடினமாக்கும்போது உலோகத்தின் மேல் படரும் நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறக்கோலம் தொடக்கத்தில் சட்டகத்தில் இருந்தது; 1901 முதல் அதன் இடத்தைச் சீரான நீலப்பூச்சு பிடித்தது. 1908இல் வந்த மூன்றாம் நிலையில், தோட்டாவைத் தாங்கிப் பூட்டும் பகுதியின் நீட்சிகள் சட்டகத்தின் மேல்விளிம்பிலுள்ள பள்ளங்களில் வெளியே தெரியும்படி அமைந்தன. ஷார்ட், லாங், வின்செஸ்டர் ரிம் ஃபயர் என்னும் தோட்டாக்களுள் ஏதேனும் ஒன்றுக்கு மட்டுமே தொடக்கத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும் குடையப்பட்டது. லாங் ரைபிள் 1919இல்தான் சேர்ந்தது.

பொறிப்புகளை வாசிப்பதில் பரவலாக நேரும் பிழை, காப்புரிமைத் தேதியை உற்பத்தித் தேதியாகக் கொள்வதாகும். குழலின் மேலுள்ள 1888 ஜூன் 26 என்னும் நாள் பிரவுனிங் காப்புரிமைக்கு உரியது. அதே நாள் பல ஆண்டுகள் தொடர்ந்து பொறிக்கப்பட்டமையால், அது துப்பாக்கி இதற்கு முற்பட்டதன்று என்னும் முன்னெல்லையை மட்டுமே தருகிறது. சோதனை முத்திரையும் அவ்வாறே முன்னெல்லை தரும் சான்றாகும். நீள்வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்னும் எழுத்துகள் பிணைந்த முத்திரையை வின்செஸ்டர் 1905இல் கொண்டுவந்தது. ஆலையில் பொருத்தப்படாமல் தனி உதிரியாக விற்ற குழலுக்கோ பி என்னும் எழுத்து மட்டுமே உள்ள நீள்வட்டம் இடப்பட்டது.

இச்சான்றுகளின் பயன் அவை முரண்படும் இடத்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. நிறக்கோலம் கொண்ட சட்டகமும் லாங் ரைபிள் குடைவுள்ள குழலும் ஒரே துப்பாக்கியில் இருப்பதாகக் கொள்வோம். சட்டகம் 1901க்குப் பிற்பட்டதாக இருக்க வாய்ப்பில்லை. குடைவோ 1919க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஆகவே குழல் பின்னாளில் மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது பழைய குழலே மீண்டும் குடையப்பட்டிருக்க வேண்டும். இவ்விரண்டில் எது நடந்தது என்பதைக் குழலின் உட்புறச் சுருள்வரி தீர்மானிக்க உதவும். ஷார்ட் தோட்டாவுக்கான குழலில் அவ்வரி 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றும், லாங் ரைபிளுக்கான குழலில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றும் சுழல்வது வழக்கம். 20 அங்குலச் சுற்று காணப்பட்டால் அது மறுகுடைவைக் காட்டும். 16 அங்குலச் சுற்றோடு பி முத்திரை மட்டும் காணப்பட்டால் அது ஆலைக்கு வெளியே பொருத்திய மாற்றுக் குழலைக் காட்டும். தொடர் எண்ணை மட்டும் நம்பும் ஆய்வு இத்துப்பாக்கியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளாகவே பதிந்துவிட்டு, அதன் வரலாற்றில் பாதியை இழந்துவிடும்.

எண்ணே இல்லாத துப்பாக்கிகளின் பெருந்தொகை இம்முறையின் தேவையை மேலும் வலியுறுத்துகிறது. அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் தொடர் எண்ணைக் கட்டாயமாக்கியது 1968ஆம் ஆண்டுச் சட்டமே. 1934 முதல் 1963 வரை வெளிவந்த வின்செஸ்டர் 67 போன்ற மலிவுவிலை .22 வகைகள் எண்ணின்றியே விற்கப்பட்டன. ரெமிங்டன் நிறுவனமோ 1921 முதல் குழலில் குறியெழுத்துகளைப் பொறித்தது. பிளாக்பவுடர் என்னும் ஆங்கிலச் சொல்லின் பதினோர் எழுத்துகளோடு எக்ஸ் சேர்ந்து பன்னிரு மாதங்களைக் குறிக்க, அடுத்த எழுத்து ஆண்டைக் குறித்தது. இக்குறியும் குழலுக்கு உரியதே, சட்டகத்துக்கு உரியதன்று.

காலக்கணிப்பில் நேரும் பிழை ஏட்டுப் பிழையோடு நின்றுவிடுவதில்லை. .22 வின்செஸ்டர் ரிம் ஃபயர் குடைவு லாங் ரைபிளின் குடைவைவிட அகன்றது. அதைப் பெயரில் உள்ள .22 என்னும் எண்ணால் மயங்கி லாங் ரைபிளுக்கு உரியதெனக் கொண்டு சுட்டால், தோட்டாவின் உறை குடைவுச் சுவரின் தாங்குதலின்றி வெடித்துப் பிளக்கும். எனவே அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் ஒரு துப்பாக்கிக்கு ஒற்றை ஆண்டைச் சூட்டுவதை விடுத்து, சட்டகத்துக்கு ஓர் எல்லை, குழலுக்கு ஓர் எல்லை, குடைவுக்கு ஓர் எல்லை என உறுப்புதோறும் காலத்தையும் அதற்கான காரணத்தையும் பதிவு செய்தல் வேண்டும். மாற்றப்பட்ட துப்பாக்கி போலியானது அன்று. தலைமுறைகள் கைமாறிப் பயன்பட்டதற்கு அது தன் உடலிலேயே சாட்சி தாங்கியுள்ளது. அச்சாட்சியை அழிக்காமல் காப்பது, பிரித்தெழுதப்பட்ட அத்தகைய பதிவு ஒன்றே.