பனியை எடையிடல்: தாஹோ ஏரி நீர்ப் பூசலும் பனி நீரளவையின் தோற்றமும்

பனி நீரியலின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அது நீருரிமைப் பூசலின் வரலாறாகவும் அமைந்தது. (இங்குப் பனி என்பது மலைகளில் பொழிந்து படியும் வெண்பனியையே குறிக்கும், மார்கழிப் பனியை அன்று.)

கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையிலுள்ள தாஹோ ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறு டிரக்கி. அதன் வாயிலிலுள்ள அணை, ஏரியின் இயற்கை விளிம்புக்கு மேல் ஏறத்தாழ 6 அடி நீரைத் தேக்கவல்லது. மிகுதியாகத் தேக்கினால் கரையோர நிலவுடைமையாளர்க்கு இழப்பு. முன்னரே திறந்துவிட்டால் கோடையில் மின் நிறுவனத்தாருக்கும் பாசனத்தாருக்கும் இழப்பு. ஆகவே மலையில் கிடக்கும் பனி எவ்வளவு நீராகும் என்பதை அது உருகுமுன்பே அறிவது இரு தரப்பாருக்கும் தேவையாயிற்று.

விடை கண்டவர் நீரியலாளர் அல்லர். நெவாடாப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்த ஜேம்ஸ் எட்வர்டு சர்ச் (1869–1959). ரோஸ் மலையில் வானிலை நோக்ககம் அமைத்து, காடுகள் பனியைக் காக்கும் விதத்தை ஆராய்ந்தவர் அவர். பனியின் ஆழம் நீரளவைக் காட்டாது. புதுப் பனியில் நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே; இளவேனிலில் இறுகிய பனியில் அது பாதியை நெருங்கலாம். எனவே பல்முனைக் குழாய் ஒன்றைத் தரைவரை செலுத்தி, அதனுள் சிக்கிய பனித்தண்டை அவர் எடையிட்டார். இக்கருவியிலிருந்து வளர்ந்த ஃபெடரல் குழாயின் வெட்டுமுனை உள்விட்டம் 1.485 அங்குலம், அவ்விட்டத்தில் ஓர் அவுன்ஸ் எடை ஓர் அங்குல நீருக்குச் சமம். களத்தில் கணக்கீடே தேவைப்படாத இவ்வெளிமை சிறப்புடையது.

எனினும் கருவியினும் முதன்மையானது அவருடைய விழுக்காட்டு முறை. மலை முழுவதன் பனியையும் கணக்கிட முயலாமல், தேர்ந்த சில தடங்களில் ஆண்டுதோறும் எடையிட்டு, அவ்வாண்டின் அளவு சராசரியில் எத்தனை விழுக்காடு என்று மட்டும் கண்டார். ஆற்றின் வரத்தும் ஏறத்தாழ அதே விழுக்காட்டில் அமையும் என்பது அவர் துணிபு. உருகும் வேகத்தை இம்முறை கூறாது. அது வெயிலையும் காற்றின் வெப்பத்தையும் பொறுத்தது. 1934ஆம் ஆண்டு வறட்சியை அடுத்து, 1935இல் கூட்டரசே பனி அளவீட்டை மேற்கொண்டது.

இவ்வரலாற்றில் பெரிதும் பேசப்படாதது டிரக்கியின் கடைமடை. 1905இல் கட்டி முடிக்கப்பட்ட டெர்பி அணை, ஆற்றுநீரை நியூலாண்ட்ஸ் பாசனத் திட்டத்திற்குத் திருப்பியது. ஆறு சென்றுசேரும் பிரமிடு ஏரி பையூட் பழங்குடியினரின் காப்புநிலத்தில் உள்ளது. ஏரியின் மட்டம் தாழ்ந்தது. முட்டையிட ஆற்றில் ஏற இயலாமல் அங்கிருந்த டிரவுட் மீனினம் 1940களில் அற்றுப்போனது. அண்டையிலிருந்த வின்னமக்கா ஏரி அதற்குச் சற்று முன்பே வறண்டது. மலைப்பனியின் நீரளவு அங்குலக் கணக்கில் முன்கூட்டியே அறியப்பட்டுவந்த ஆண்டுகளே இவை. வரத்தைக் கணிக்கும் முறை திருந்தியது. பங்கீட்டு முறை திருந்தவில்லை. மீன்வளத்திற்குக் கூடுதல் நீர் கோரிய வழக்கினை, 1944ஆம் ஆண்டுத் தீர்ப்பாணை கட்டுப்படுத்தும் எனக் கூறி 1983இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.