விடுதலைப் படை எரித்த வயல்கள்

1776ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை நாம் வகுப்பறைகளிலே படித்தும் படிப்பித்தும் வந்திருக்கிறோம். மனிதர் யாவரும் சமம் என்ற அதன் முழக்கம் முடியாட்சிகளை அதிரவைத்தது உண்மையே. ஆனால் அதே பிரகடனம், எல்லைப்புறத்துச் சுதேச மக்களை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் எனப் பழிப்பதை நாம் கவனியாது கடந்துவிடுகிறோம். அந்தச் சொல் செயலாக மாறிய கதையே 1779ஆம் ஆண்டின் சுலிவன் படையெடுப்பாகும்.

நியூயோர்க்கின் மேற்குப் பகுதியிலே இரொக்குவா மக்களின் ஆறு இனங்கள் ஒரு கூட்டமைப்பாக வாழ்ந்தன. யுத்தம் அவர்களையும் பிளந்தது. ஒனைடா, டஸ்கரோரா மக்களுட் பெரும்பாலோர் குடியேற்றவாசிகளின் பக்கம் நின்றனர். மோஹாக், செனெக்கா மக்களுட் பெரும்பாலோர் பிரித்தானியருடன் சேர்ந்தனர். பிரித்தானிய முடிமீது கொண்ட பற்று மட்டும் இதற்குக் காரணமன்று. அப்பலாச்சிய மலைகளுக்கு அப்பால் வெள்ளையர் குடியேறுவதை 1763இல் அரச பிரகடனமொன்று தடைசெய்திருந்தது. அத்தடையை வெறுத்த நிலவியாபாரிகள் புரட்சியாளரிடையே இருந்தனர். தம் மண் பறிபோகும் என்ற அச்சம் சுதேச மக்களுக்கு இருந்தது.

1778இல் பிரித்தானிய ஆதரவாளரும் இரொக்குவா வீரரும் வயோமிங், செரி வலி ஆகிய குடியிருப்புகளைத் தாக்கினர். செரி வலியிலே பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். இக்கொடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயின், அதற்கு விடையாக வந்தது எத்தகைய யுத்தம்? குடியிருப்புகளை முற்றாக அழிக்கவும், நிலத்திலுள்ள பயிர்களை நாசமாக்கவும், ஆண் பெண் வயது வேறுபாடின்றி இயன்றவரை பலரைச் சிறைப்பிடிக்கவும் 1779 மே 31இல் ஜோர்ஜ் வாஷிங்டன் தளபதி சுலிவனுக்குக் கட்டளையிட்டார்.

ஏறத்தாழ 4,000 பேர் கொண்ட படை புறப்பட்டது. ஓகஸ்ட் 29இல் நியூட்டவுனில் நிகழ்ந்ததே குறிப்பிடத்தக்க ஒரே சமர். பின்னர் நடந்தது எரிப்பு மட்டுமே. 40இற்கு மேற்பட்ட ஊர்கள் சாம்பலாயின. 1,60,000 புசல் சோளத்தை அழித்ததாகச் சுலிவனே அறிக்கையிட்டார். கனிமரங்களும் வெட்டிச் சாய்க்கப்பட்டன. செழித்த வயல்களையும் நல்ல வீடுகளையும் கண்டு வியந்ததைப் படைவீரர் பலர் தம் நாட்குறிப்புகளில் எழுதிவைத்துள்ளனர். காட்டுமிராண்டிகள் எனப்பட்டோர் தேர்ந்த உழவர்கள் என்பதற்கு, அவர்களை அழித்தவர்களே சாட்சி. அந்தச் சோளத்தையும் அவரையையும் பூசணியையும் பயிரிட்டவர்கள் அம்மக்களின் பெண்கள்.

ஆயிரக்கணக்கானோர் நயாகராக் கோட்டையில் தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டின் கடுங்குளிரிலே பசியாலும் நோயாலும் பலர் மாண்டனர். எனினும் எல்லைப்புறத் தாக்குதல்கள் நிற்கவில்லை. 1780இல் அவை மீண்டும் மூண்டன.

1783இன் பாரிஸ் ஒப்பந்தம் இம்மக்களைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. தோழமை பேசிய பிரித்தானியர் அவர்களைக் கைவிட்டனர். 1784இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தத்தால் பெருநிலப்பரப்புப் பறிக்கப்பட்டது. இரொக்குவா மண்ணின் ஒரு பகுதி படைவீரருக்குச் சம்மானமாகப் பங்கிடப்பட்டது. வாஷிங்டனைத் தம் மக்கள் ஊரழிப்போன் என்றே அழைப்பதை, செனெக்காத் தலைவர் கோர்ன்பிளான்டர் 1790இல் அவரிடமே எடுத்துரைத்தார்.

அமெரிக்கப் புரட்சி பொய்யென்று நாம் கூறவில்லை. முடியாட்சியை வீழ்த்திய அதே கரங்கள் பிறர் மண்ணையும் பறித்தன என்றே கூறுகிறோம். எந்த விடுதலைப் போரைப் படிக்கும்போதும் அதன் பிரகடனத்தோடு நின்றுவிடாது, யாருடைய வயல்கள் எரிந்தன, அந்நிலம் இறுதியில் யாரைச் சேர்ந்தது என்றும் மாணவர் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்கப் பழக்குவது ஆசிரியராகிய நம் கடமையாகும்.