நிலாவை மிரட்டிய அம்மாக்கள்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு திடீர்னு ஒரு ஆபீஸ் கால். மாமா ஊர்ல இல்ல. "ரெண்டு மணி நேரம் பாத்துக்கோடா"ன்னு பையனை என்கிட்ட விட்டுட்டு ரூம் கதவைச் சாத்திக்கிட்டா. பையனுக்கு ஒரு வருஷம் எட்டு மாசம். மூணாவது மாடி ஃப்ளாட். வெளியே மழை.

முதல் பத்து நிமிஷம் பந்து. அடுத்த அஞ்சு நிமிஷம் என் மூக்குக் கண்ணாடி. அப்புறம் சமையலறைக்குப் போய் குக்கர் மூடியை எடுத்து கரண்டியால அடிக்க ஆரம்பிச்சான். கீழ் வீட்டுக்காரர் மேல வந்து என்னன்னு கேட்டுட்டுப் போனார். நாற்பதாவது நிமிஷம் நான் போனை எடுத்துக் கொடுத்துட்டேன். வீடு அமைதியாயிடுச்சு. சாயங்காலம் விஷயம் தெரிஞ்சதும் அம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க: "நாங்கல்லாம் போன் குடுத்தா வளர்த்தோம்?"

அன்னைக்குப் பதில் சொல்ல முடியல. இப்போ சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமான பதில், சுமார் ரெண்டாயிரம் வருஷம் ஓடும்.

புறநானூறு 188-வது பாட்டு உங்களுக்கு ஸ்கூல்ல வந்திருக்கும். எழுதினவர் பாண்டியன் அறிவுடைநம்பி. பெரிய செல்வந்தரா இருக்கலாம், தினமும் நிறைய பேரோட உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனா வீட்டில் ஒரு சின்னக் குழந்தை இல்லையென்றால் அந்த வாழ்க்கையில் பயனில்லை என்பதுதான் பாட்டின் கருத்து. இப்போ குழந்தை இல்லாதவர்களிடம் இப்படிச் சொன்னால் நியாயமா என்பது வேற விஷயம், அது தனி எபிசோட். எனக்குப் பிடிச்சது, அந்தக் குழந்தை என்ன செய்யுது என்கிற பட்டியல். குட்டிக் குட்டி அடி வைத்து வருது. கையை நீட்டுது. சோற்றைக் கீழே போடுது, தொடுது, கவ்வுது, கையை விட்டு அளையுது, கடைசியில் நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் இறைத்துக்கொள்ளுது. ஒரு வயசுக் குழந்தையைச் சாப்பிட உட்கார வைத்த யாருக்கும் இதுல புதுசா ஒன்றும் இருக்காது.

ஆனா ஒரு விஷயம் பாட்டில் இல்ல. அந்தத் தரையை யார் துடைச்சாங்க? எழுதினவர் ராஜா. அவர் துடைச்சிருக்க மாட்டார். இந்தக் கேள்வியை ஞாபகத்துல வச்சுக்கோங்க.

அடுத்த ஆள் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பத்துப்பாட்டில் ரெண்டு பாட்டு இவருடையது, பெரும்பாணாற்றுப்படையும் பட்டினப்பாலையும். ரெண்டுலயும் குழந்தை வருது, கூடவே ஒரு பொம்மைத் தேரும் வருது. அரசனைப் பாடப் போன இடத்தில் மனுஷன் இதைக் கவனிச்சிருக்கார்.

பெரும்பாணாற்றுப்படையில் வருவது வசதியான ஓர் உழவர் வீடு. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும் அளவுக்கு நேர்த்தியா செய்த சின்னத் தேர் அங்கே இருக்கு. ஏறி ஓட்ட முடியாது, உருட்ட மட்டும்தான் முடியும். தளர்நடை போடுகிற பிள்ளைகள் அதை உருட்டி உருட்டிக் களைச்சுப் போறாங்க. அந்தக் களைப்போட செவிலித்தாயைக் கட்டிக்கிட்டு, பால் குடிச்சுட்டு, படுக்கையில் தூங்கிடுறாங்க.

இது வெறும் வர்ணனை இல்ல. குழந்தையை ஓட விட்டு, களைக்க வச்சு, தூங்க வைக்கிற முழுத் திட்டமே இதில் இருக்கு. இன்னைக்கு எந்த அம்மாவைக் கேட்டாலும், மதியத் தூக்கத்துக்கு முன்னாடி பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு இதே காரணத்தைத்தான் சொல்வாங்க. இன்னொன்றையும் பாருங்க. இந்தக் காட்சியில் அம்மா இல்ல, செவிலி இருக்காங்க. பால் கொடுக்கவும், தூங்க வைக்கவும் அந்த வீட்டுக்கு இன்னொரு பெண்ணின் உழைப்பு கிடைச்சிருக்கு. அந்தப் பெண்ணுக்குச் சொந்தக் குழந்தை இருந்திருந்தா, அது அந்த நேரம் யார்கிட்ட இருந்ததுன்னு பாட்டு சொல்லாது.

பட்டினப்பாலையில் இடம் காவிரிப்பூம்பட்டினம். முற்றத்தில் காய வச்ச தானியத்தைக் கோழி கொத்த வருது. அதை விரட்ட, வீட்டுப் பெண்கள் காதுல இருக்கிற கனமான குழையையே கழற்றி எறியறாங்க. அது கீழே கிடந்து, குழந்தை உருட்டி வரும் தேரை மறிக்குது. ஊர் எவ்வளவு பணக்கார ஊர்னு காட்டத்தான் கவிஞர் இதைச் சொல்றார், குழந்தையோட காலில்கூட பொன் அணிதான். ஆனா போகிற போக்கில் அந்தத் தேருக்கு எத்தனை சக்கரம்னும் சொல்லிட்டார். மூணு. குதிரை கிடையாது.

நம்ம நடைவண்டிக்கும் மூணு சக்கரம்தான். ரெண்டும் ஒன்றுதான் என்று நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். பட்டினப்பாலைத் தேரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்களா, கயிறு கட்டி இழுத்தாங்களா என்பது அந்த வரிகளில் தெளிவா இல்ல. குறுந்தொகை 61-ல் வர்றது கையால இழுக்கிற பொம்மை வண்டி. தச்சன் செய்த அந்தச் சின்ன வண்டியில் ஏறிப் போக முடியாவிட்டாலும், இழுத்தே சந்தோஷப்படும் பிள்ளைகள் என்று ஒரு காதல் பாட்டுக்குள் உவமையா வருது. கேட்கிறவங்க எல்லாருக்கும் பழக்கமான பொருளைத்தானே உவமையாச் சொல்ல முடியும்.

இந்த மரத்தேர்கள் எதுவும் நமக்குக் கிடைக்கல. மரம் மக்கிப் போயிடும், சுடுமண் தங்கும். அதனாலதான் ஹரப்பாவில் களிமண் வண்டிகள் கிடைச்சிருக்கு, கீழடியில் சில்லும் பகடையும் கிடைச்சிருக்கு.

இப்போ ஒரு எட்டு நூற்றாண்டு தாண்டிப் போவோம். ஸ்ரீவில்லிபுத்தூர், பெரியாழ்வார், சுமாரா ஒன்பதாம் நூற்றாண்டு. கண்ணனைக் குழந்தையாகவும் தன்னை யசோதையாகவும் வைத்துப் பாடுகிறார். இவர் பதிகங்களில் பொருளே தேவைப்படாத விளையாட்டுகள் வரிசையா வருது. சப்பாணி, அதாவது கை தட்டுறது. புறம்புல்கல், அதாவது குழந்தை பின்னாடி வந்து முதுகைக் கட்டிக்கிறது. அப்பூச்சி காட்டுறது, அதாவது குழந்தை நம்மை பயமுறுத்தும், நாம பயந்த மாதிரி நடிக்கணும். என் அனுபவத்தில் இந்தக் கடைசி விளையாட்டு இருபது தடவை போகும். இருபதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே பயப்படணும், இல்லன்னா கண்டுபிடிச்சிடுவான்.

இதிலிருந்துதான் பிள்ளைத்தமிழ் என்கிற தனி இலக்கிய வகை வளருது. முழுசா கிடைச்சதில் பழையது, 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மேல் பாடியது. குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிச்சுடுவாங்க. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி, பதினைந்தில் அம்புலி என்று பரவலா ஒரு கணக்கு உண்டு. ஆண் குழந்தைக்குக் கடைசி மூணு: பதினேழில் சிற்றில், பத்தொன்பதில் சிறுபறை, இருபத்தொன்றில் சிறுதேர்.

எங்க அக்கா பையனுக்கு இருபது மாசம்னு சொன்னேன் இல்லையா? குக்கர் மூடியை அடிச்சதை நான் குறும்புன்னு நினைச்சேன். இலக்கணப்படி அது சிறுபறைப் பருவம். கீழ் வீட்டுக்காரர்கிட்ட இதை விளக்கிப் பார்த்தேன், பெரிசா எடுபடல.

சிற்றில் இன்னும் சுவாரசியம். பெண் குழந்தைகள் மணலில் வீடு கட்டுவாங்க, பையன் வந்து காலால் கலைப்பான். "கலைக்காதே"ன்னு அவங்க கெஞ்சுறதுதான் பாட்டு. ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் கண்ணன்கிட்ட இப்படிக் கெஞ்சியிருக்கார். நாம ஒரு மணி நேரமா அடுக்கின கட்டையை ஒரே உதையில் தள்ளிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பானே, அதுக்கு ஒரு பருவமே ஒதுக்கியிருக்காங்க. ஆனா பெண் குழந்தைக்குப் பாடும்போது இந்த மூணும் கிடையாது, பொதுவா அம்மானை, நீராடல், ஊசல்னு மாறிடும். கலைக்கிறது பையன் வேலை, கட்டுறது பொண்ணு வேலை. அந்தப் பாகுபாடு இருபது மாசத்துலயே ஆரம்பிச்சாச்சு.

இப்போ அம்புலி. எங்க அம்மாவுக்கான பதில் இங்கேதான் இருக்கு.

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுறதை நாம ரொம்பப் புனிதமா பேசுறோம். யோசிச்சுப் பார்த்தா, அதுவும் கவனத்தைத் திருப்பி வாயில் ஒரு உருண்டையைத் தள்ளும் வேலைதான். யூடியூப் காட்டி ஊட்டுறவங்க செய்றதும் அதே தந்திரம்தான். ஆனா நிலா தானா எதுவும் செய்யாது. பாடாது, ஆடாது, அடுத்த வீடியோ வராது. அதை வச்சு ஒரு குழந்தையை உட்கார வைக்கணும்னா பேச்சு முழுக்க நம்மகிட்டேர்ந்து வரணும்.

அந்தப் பேச்சைத்தான் புலவர்கள் பாட்டா எழுதி வச்சாங்க. அம்புலியைக் கூப்பிட நாலு வழி சொல்றாங்க: சாமம், பேதம், தானம், தண்டம். எதிரி நாட்டை வழிக்குக் கொண்டுவர அரசியல் நூல்கள் சொல்ற அதே நாலு. முதல்ல சமாதானம்: உனக்கும் கலை உண்டு, என் பிள்ளைக்கும் கலை உண்டு, ரெண்டு பேரும் ஒரே ஜாதகம், வா விளையாட. வரலையா? நீ தேய்றவன், உடம்பில் கறை வேற, என் பிள்ளைக்கு நீ சமமா? அதுக்கும் வரலையா? வந்தா உனக்கு என்னென்ன நன்மை கிடைக்கும் தெரியுமா? கடைசியில் மிரட்டல். இந்த நாலு வழிக் கணக்கு இலக்கணமாவதற்கு முன்பே பெரியாழ்வாரின் யசோதை நிலாவை மிரட்டியாச்சு: இவனைச் சின்னப் பையன்னு நினைக்காதே, கோபம் வந்தா மேலே பாய்ந்து உன்னைப் பிடிச்சிடுவான். மிரட்டப்படுறது நிலா, கேட்டுச் சிரிக்கிறது குழந்தை, நடுவில் ஒரு வாய் சோறு உள்ளே போயிடும்.

இந்த மாதிரி பேச ஆள் வேணும், அந்த ஆளுக்கு நேரமும் தெம்பும் வேணும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, ஒரு வயசுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், ரெண்டு வயசிலிருந்து அதிகபட்சம் ஒரு மணி நேரம். சரிதான். ஆனா மழை நாள்ல, மூணாவது மாடியில், கதவுக்கு அந்தப் பக்கம் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு அந்த நேரம் எங்கேர்ந்து வரும்? அம்மா கேட்டது "நான் போன் குடுத்தா வளர்த்தேன்"னு இல்ல, "நாங்கல்லாம்"னு. அந்த "நாங்க"ல பாட்டி இருந்தாங்க, கல்யாணம் ஆகாத ரெண்டு அத்தை இருந்தாங்க, என்னை இடுப்பில் தூக்கிட்டுத் தெருவைச் சுத்தின பக்கத்து வீட்டு அக்கா இருந்தாங்க. இதை அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உங்க அப்பா இருந்தாரான்னு கேளு"ன்னாங்க.

அடுத்த வாரம் ஊரிலிருந்து ஒரு பார்சல். பரண்ல கிடந்த என் நடைவண்டி. கடைகளில் விற்கும், குழந்தையை உள்ளே உட்கார வைக்கிற வாக்கர் இது இல்ல. படியில் உருண்டு விழுகிற விபத்துகளால் கனடா 2004-லேயே அதை விற்கத் தடை போட்டுச்சு. நடைவண்டியில் குழந்தை சொந்தக் காலில் நின்னு தள்ளணும். இதுவும் முழுசா பாதுகாப்புன்னு சொல்ல மாட்டேன். பழைய சாணித் தரையில் மெதுவா போனது, டைல்ஸில் சறுக்கிட்டு ஓடும், பக்கத்துல ஒருத்தர் இருந்தே ஆகணும்.

பையன் அதை ரெண்டு நிமிஷம் தள்ளினான். அப்புறம் தலைகீழா கவிழ்த்துப் போட்டு, பக்கத்துல உட்கார்ந்து, மூணு சக்கரத்தையும் ஒவ்வொன்னா கையால சுத்த ஆரம்பிச்சான். அக்கா அதுக்குள்ள ஒரு காபி குடிச்சு முடிச்சா.