நானோகம்பிகளில் வெப்பமும் மின்சாரமும்

ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால் மின்னழுத்தம் தரும் பொருள்கள் வெப்பமின் பொருள்கள். இவ்விளைவைத் தாமஸ் சீபெக் 1821இல் கண்டார். நல்ல வெப்பமின் பொருள் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்த வேண்டும். வெப்பத்தையோ தடுக்க வேண்டும். உலோகத்தில் இரண்டையும் எலக்ட்ரான்களே சுமப்பதால் இது நடவாது. ஆகவே 1950களில் ஐயோஃபே போன்ற இயற்பியலாளர்கள் குறைகடத்திகளை நாடினர். அவற்றில் ஒன்றான பிஸ்மத் டெலுரைடின் தகுதி எண் (வெப்பமின் திறனை மதிப்பிடும் அளவு) 1ஐ ஒட்டிப் பல பத்தாண்டுகள் தேங்கி நின்றது.

1993இல் எம்.ஐ.டி.யின் ஹிக்ஸும் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸும் புது வழி காட்டினர். கம்பியைச் சில நானோமீட்டர் அளவுக்கு மெலிதாக்கினால் எலக்ட்ரான்களின் ஆற்றல்நிலைகள் நெருக்கப்பட்டு, ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்தமான சீபெக் கெழு உயரும் என்றது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்குதான் துறைக்கு உயிரூட்டியது. ஆனால் பின்னர் ஆய்வகங்களில் கிடைத்த பலனின் பெரும்பகுதி எலக்ட்ரான்களிடமிருந்து வரவில்லை. வெப்பத்தைச் சுமக்கும் அணிக்கோவை அதிர்வுகளான ஃபோனான்களைத் தடுத்ததால் வந்தது.

இதற்குச் சிலிக்கானே தெளிவான சான்று. அறை வெப்பநிலையில் பருமச் சிலிக்கானின் வெப்பக்கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 150 வாட். தகுதி எண் ஏறத்தாழ 0.01. பெர்க்லியில் தனித்தனிச் சிலிக்கான் நானோகம்பிகளை மிதக்கும் இரு சிறு தட்டுகளுக்கிடையே பாலம்போல் வைத்து அளந்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். விட்டம் 115 நானோமீட்டரிலிருந்து 22க்குக் குறையக் குறைய வெப்பக்கடத்துதிறனும் சரிந்தது. 2008இல் அங்கேயே வெள்ளி நைட்ரேட்டும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் கலந்த கரைசலில் சிலிக்கான் வில்லையை அரித்துச் சொரசொரப்பான கம்பிகளை உருவாக்கினர். சுமார் 50 நானோமீட்டர் விட்டத்தில் வெப்பக்கடத்துதிறன் நூறில் ஒரு பங்கானது. தகுதி எண் 0.6ஐத் தொட்டது.

ஃபோனான்களைச் சிதறடிக்கும் மேற்பரப்பு எலக்ட்ரான்களையும் சிதறடிக்காதா என்ற கேள்வி நியாயமானது. மிகுதியாக மாசூட்டிய சிலிக்கானில் எலக்ட்ரான் சில நானோமீட்டர் செல்வதற்குள் மாசணுக்களில் மோதிவிடுகிறது. வெப்பம் சுமக்கும் ஃபோனான்களோ நூற்றுக்கணக்கான நானோமீட்டர் தடையின்றி ஓடக்கூடியவை. ஆகவே 50 நானோமீட்டர் கம்பியின் சுவர் ஃபோனானுக்கே பெருந்தடை. அதே 2008இல் கால்டெக் குழு, 10, 20 நானோமீட்டர் அகலக் கம்பிகளில் 200 கெல்வினில் தகுதி எண் 1 வரை கண்டு, சீபெக் கெழுவும் கூடியதாகச் சொன்னது. இது மறுப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்த உயர்வுக்கு அவர்கள் கூறிய காரணமும் ஃபோனான்கள் எலக்ட்ரான்களை இழுத்துச் செல்வதே.

விட்டம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதையும் ஏற்க வேண்டும். எல்லைச் சிதறல் குறித்த காசிமிரின் 1938ஆம் ஆண்டுக் கொள்கை ஒரு விட்டத்துக்குத் தரும் வெப்பக்கடத்துதிறன் மதிப்புக்கும் கீழே சொரசொரப்பான கம்பிகள் இறங்கின; மேற்பரப்பின் கரடுமுரடுக்கும் பங்குண்டு. கம்பியே இல்லாமலும் இது கைகூடும்: 2008இல் பாஸ்டன் கல்லூரியும் எம்.ஐ.டி.யும் பிஸ்மத் ஆன்டிமனி டெலுரைடைப் பொடியாக அரைத்துச் சூட்டில் அழுத்தி, நானோ மணிகளின் எல்லைகளால் ஃபோனான்களைச் சிதறடித்தே 100 டிகிரி செல்சியஸில் 1.4 பெற்றன.