பல்கலைக் கழகம் புகுந்த தமிழ்

சங்கம் வைப்பதில் நம்மவர் சளைத்தவரல்லர். வைத்த சங்கத்தை ஒரு காரியத்திற்காக நடத்திச் செல்வதே அரிது. சிராங்கூன் சாலைத் தமிழர் அதனைக் கோ. சாரங்கபாணியாரிடம் கண்டனர். திருவாரூரிற் பிறந்து 1924-இல் சிங்கப்பூர் வந்த அவர், 1932-இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்திற் பழகி, 1935-இல் ‘தமிழ் முரசு’ ஏட்டைத் தொடங்கினார். 1951-இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை. மறு ஆண்டு தமிழர் திருநாள்.

இவற்றினும் கடினமான வேலை ஒன்று காத்திருந்தது. 1949-இல் இங்கே தோன்றிய மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, எம்மொழிக்கு முதலிடம் என்ற வினாவும் உடன் எழுந்தது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரின் பரிந்துரை வடமொழிப் பக்கம் சாய்ந்தது. சாரங்கபாணியார் கண்டித்து எழுதியதோடு நிற்கவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று பெயரிட்டு நிதி திரட்டினார். பல்கலைக் கழக வாயிலை மிதித்தறியாத உழைப்பாளரும் அதற்கு வெள்ளி கொடுத்தனர். வேண்டுவோர் வெறுங்கையோடு வரவில்லை என்பதை அந்நிதி காட்டிற்று. 1956-இல் துறை பிறந்தது; தமிழ் அதில் முதன்மை பெற்றது.

ஏடு, சபை, நிதி மூன்றும் ஒருவர் கையில் இருந்தமையே அம்முயற்சியின் வலிமை. அவருக்குப்பின் அவ்வேகம் தளர்ந்ததற்கும் அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

துறை பின்னர்க் கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. அங்கே 1961-இல் தனிநாயக அடிகளார் தலைமை ஏற்றார். 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும் அந்நகரிலேயே கூடிற்று. சிராங்கூன் தமிழருக்கு அது பெருமைதான், இழப்புந்தான். சிம் பல்கலைக் கழகம் இங்கே தமிழ்ப் பட்டக் கல்வியைத் தொடங்கியது 2006-இல். சாரங்கபாணியார் மறைந்து அப்போது 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.